ஏழாவது மாடிக்குத் தள்ளுவண்டி ஏறாது

சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் தரைத்தளமும் அதன்மேல் ஏழு மாடிகளுமாக வரிசைகட்டி நிற்கும் குடியிருப்புகளைப் பற்றி அரசுத் தரப்பில் பேசுபவர்கள் முதலில் சொல்வது எண்ணிக்கையைத்தான். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 400 சதுர அடி. தனிக் கழிப்பறை, சமையலறை, மின்இணைப்பு, லிஃப்ட். கூவம் கரையில் தார்ப்பாய்க்கு அடியில் மழையோடு மல்லுக்கட்டிய குடும்பத்துக்குக் கான்கிரீட் கூரை கிடைத்திருப்பதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு வரப்போகிறவர் என்ன தொழில் செய்கிறார், எத்தனை மணிக்கு எழுந்து எங்கே போகிறார், தொழிலுக்கு வேண்டிய சாமான்களை எங்கே வைக்கிறார் என்று வரைபடம் போட்டவர்கள் கேட்டதற்கான தடயம் அந்தக் கட்டடங்களில் இல்லை. தள்ளுவண்டியில் இட்லி விற்பவருக்கு ஏழாவது மாடியில் வீடு ஒதுக்கினால் வண்டி எங்கே நிற்கும்? கீழே நிறுத்தினால் காலையில் சக்கரத்தோடு இருக்குமா? மாவு ஆட்டிய பாத்திரத்தை, லிஃப்ட் ஓடாத நாளில், யார் கீழே இறக்குவார்கள்? கோட்டையில் உட்கார்ந்து பார்த்தால் இவை சில்லறைக் கேள்விகள். அந்தக் குடும்பத்தின் மாத வருமானம் முழுவதும் இவற்றுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

பொதுப் பணத்தில் எழும்பும் எந்தக் கட்டடமும், அதைப் பயன்படுத்தப்போகிறவர்களின் அன்றாடத்தை விசாரித்து அறிந்த பிறகே வரைபடமாக வேண்டும். இதை ஏழைகள் மீதான பரிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; கணக்குப் பார்க்கிற எவரும் வைக்க வேண்டிய கோரிக்கை இது. விசாரிக்காமல் கட்டியதற்கான செலவு கட்டிமுடித்த நாளோடு முடிவதில்லை. பேருந்துக் கட்டணமாக, இழந்த வேலையாக, படிப்பை நிறுத்திய பிள்ளையாக, பூட்டிக்கிடக்கும் வீடாக அது பல வருடங்களுக்கு நீள்கிறது. அரசின் எஸ்டிமேட்டில் அதற்கு ஒரு வரி இல்லாததால், செலவே ஆகவில்லை என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கப்பட்டபோது நிலைமை வேறாக இருந்தது. அன்று கட்டப்பட்ட மூன்று, நான்கு மாடிக் குடியிருப்புகளில் பல, மக்கள் ஏற்கெனவே இருந்த இடத்திலேயே எழுந்தவை. மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பத்து மீனவர் கடலை விட்டு நகரவில்லை. வீடு சின்னது, பராமரிப்பு மோசம், ஒழுகியது, எல்லாம் உண்மை. ஆனால் பிழைப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம் என்று நகரத்துக்கு வெளியே, சதுப்புநிலத்தின் விளிம்பில், ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களைக் குவிக்கும் வழக்கம் வந்தபோதுதான் கட்டடத்துக்கும் வாழ்க்கைக்கும் இடையிலான முடிச்சு அவிழ்ந்தது. மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துச் சம்பாதித்த பெண்ணின் வேலை, காலை ஆறரைக்கு முதல் வீட்டுக் கதவைத் தட்டுவதில் இருந்தது. இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, இரண்டு பேருந்து மாறி, அவர் அந்த நேரத்துக்கு வந்து சேர முடியாது. வேலை போய்விடும். அல்லது பிள்ளைகள் எழுவதற்கு முன்பே கிளம்பி, அவர்கள் பள்ளி முடிந்து வந்து வெகுநேரம் ஆன பிறகு திரும்புவார். இடைப்பட்ட நேரத்தில் அந்தப் பிள்ளையை யார் பார்ப்பது என்பதற்கு எந்த வரைபடத்திலும் இடம் ஒதுக்கப்படவில்லை. பழைய குப்பத்தில் பக்கத்து வீட்டு ஆயா பார்த்துக்கொண்டார். குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கும்போது அந்த ஆயா வேறு பிளாக்குக்குப் போய்விடுகிறார்.

தூரம் மட்டும்தான் சிக்கல், பேருந்து விட்டால் தீர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கட்டடத்துக்கு உள்ளேயும் பார்க்க வேண்டியது இருக்கிறது. தமிழ்க் குடும்பத்தின் பெரிய காரியங்கள் எல்லாம் வாசலில் நடப்பவை. கல்யாணத்துக்குப் பந்தல் வாசலில். பெண் வயதுக்கு வந்தால் சீர் வந்து இறங்குவது வாசலில். சாவு விழுந்தால் ஷாமியானா போட்டு நாற்காலி அடுக்குவதும் வாசலில். ஆறாவது மாடியில், நடுவில் நடைபாதை, இருபுறமும் கதவுகள் என்று இருக்கும் கட்டடத்தில் ஒருவர் இறந்துபோனால் ஐஸ் பெட்டியை எங்கே வைப்பது? உடலைக் குளிப்பாட்டுவது எங்கே? நீட்டிப் படுக்கவைத்த உடல் போகாத லிஃப்ட் என்றால், நான்கு பேர் தோளில் ஆறு மாடிப் படிக்கட்டுகளையும் திரும்பித் திரும்பி இறங்க வேண்டும். ஒவ்வொரு பிளாக்கின் கீழ்த்தளத்திலும் கூரையிட்ட ஒரு திறந்த கூடம், ஒரு தண்ணீர்க் குழாய், இரண்டு விளக்கு. இவ்வளவு போதும், கல்யாணமும் கருமாதியும் கௌரவமாக நடக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கட்டடக்கலையில் முனைவர் பட்டம் வேண்டாம். அங்கே வரப்போகிற பத்துப் பெண்களிடம் அரைமணி நேரம் பேசினால் போதும்.

சில விஷயங்கள் கௌரவத்தையும் தாண்டி உயிரையே தொடுபவை. மும்பை கோவண்டி பகுதியில், லல்லுபாய் காம்பவுண்டு, நட்வர் பாரேக் காம்பவுண்டு என்று குடிசைவாசிகளை மறுகுடியமர்த்திய குடியிருப்புகள் உண்டு. ‘டாக்டர்ஸ் ஃபார் யூ’ என்ற மருத்துவர் அமைப்பு ஐஐடி பம்பாய் ஆய்வாளர்களோடு சேர்ந்து அங்கே செய்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. கட்டடங்களுக்கு நடுவே சுமார் மூன்று மீட்டர் இடைவெளிதான் விட்டிருந்தார்கள். வெயிலும் காற்றும் எட்டாத கீழ்த்தள வீடுகளில் காசநோய் கூடுதலாக இருந்ததை அந்த ஆய்வு காட்டியது. சற்று நல்ல இடைவெளியோடு கட்டப்பட்ட பக்கத்துக் குடியிருப்பில் நோய் அந்த அளவுக்கு இல்லை. குடிசை மறுவாழ்வுக் கட்டடங்களுக்கு என்றே இடைவெளி விதிகள் தளர்த்தப்பட்டிருந்தன என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் நிலத்தை மிச்சப்படுத்தினார்கள். அதற்கான விலையை யாரோ மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மாத்திரைக்கும் அரசுதான் பணம் தருகிறது, வேறொரு துறையின் கணக்கில்.

இந்தக் கதை வீடுகளோடு நிற்பதில்லை. அரசு மருத்துவமனை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை படுக்கை என்பதை வைத்துத்தான் கட்டடத்தின் அளவு தீர்மானமாகிறது. ஆனால் நம் ஊரில் எந்த நோயாளியும் தனியாக வருவதில்லை. கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும். மருந்துச்சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவது, ஸ்ட்ரெச்சரை ஒரு கை பிடிப்பது, இரவில் டிரிப்ஸ் தீர்ந்தால் நர்ஸைக் கூப்பிடுவது எல்லாம் அவர்தான். மருத்துவமனை இயங்குவதே பாதிக்குப் பாதி அவருடைய உழைப்பில். அவர் படுக்க, குளிக்க, துணி காயப்போட, கொண்டுவந்த தூக்குவாளியை வைக்க இடம் எங்கே? இரவு பத்து மணிக்கு மேல் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் கூட்டத்தைக் காவலாளி விரட்டுவதை ஒழுங்குப் பிரச்சினையாகப் பார்க்கிறோம். அது வரைபடத்தில் விட்டுப்போன ஒரு மனிதர்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஏறக்குறைய 88 ஏக்கரில், 390 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்தார்கள். கட்டடமாக அதைக் குறைசொல்ல முடியாது. விசாலமும் சுத்தமும் வெளிச்சமும் கோயம்பேட்டைவிட எவ்வளவோ மேல். ஆனால் பேருந்து முனையத்தைப் பயன்படுத்துபவர் அதற்குள் குடியிருப்பதில்லை. அதிகாலை நான்கு மணிக்கு, தூங்கும் குழந்தையும் இரண்டு பையுமாக மதுரையிலிருந்து வந்து இறங்கும் பெண்ணுக்கு அந்த முனையம் என்பது பெரம்பூரில் உள்ள அவர் வீட்டு வாசல்வரை நீள்வது. திறந்த அன்று அருகில் ரயில் நிலையம் இல்லை, மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றுவிட்டது, ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து தண்டவாளம்வரை போக நடைமேம்பாலமும் இல்லை. கட்டடத்தை முதலில் திறந்துவிட்டு, அதற்குப் போகும் வழியைப் பிறகு யோசிக்கும் இந்த வரிசை நமக்குப் பழகிப்போன ஒன்று. பயணியை மையமாக வைத்து யோசித்திருந்தால் ரயில் நிலையம்தான் முதலில் முடிந்திருக்கும். முனையம் அதற்குப் பிறகு வந்திருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? அதிகாரிகள் கெட்டவர்கள் என்பதாலோ பொறியாளர்களுக்குத் தெரியாது என்பதாலோ இல்லை. நடைமுறை அப்படி. நிதி ஒதுக்கீடு வீட்டின் எண்ணிக்கையைப் பொறுத்து வருகிறது. நிதியாண்டு முடிவதற்குள் செலவாக வேண்டும். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மாதிரி வரைபடம் ஒன்று கையில் இருக்கும். அதை எடுத்து எஸ்டிமேட் போட்டு, டெண்டர் விட்டு, ஒப்பந்ததாரரிடம் இடத்தை ஒப்படைத்தால் வேலை தொடங்கிவிடும். இந்தச் சங்கிலியில் உதவிப் பொறியாளரிலிருந்து துறைச் செயலாளர்வரை எத்தனையோ பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த வீட்டில் சோறாக்கப் போகிறவரின் கையெழுத்து கடைசியில், ஒதுக்கீட்டு ஆணையைப் பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் மட்டும் வருகிறது. தனியார் அடுக்குமாடியில் இது நடக்காது. அங்கே வாங்குபவருக்கு வேறு கடைக்குப் போகும் வாய்ப்பு உண்டு. பூஜை அறை எங்கே, வாஷிங் மெஷினுக்குக் குழாய் உண்டா என்று கேட்காமல் முன்பணம் தரமாட்டார். ஏழைக்கு அந்த வாய்ப்பு இல்லாததால், அவரிடம் கேட்கவேண்டிய கட்டாயமும் கட்டுபவருக்கு இல்லை. சந்தை செய்யும் வேலையை இங்கே விதிதான் செய்ய வேண்டும்.

கேட்டுக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் 1980-களில் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பு உலகம் அறிந்தது. 1995-ல் ஆகா கான் விருது பெற்றது. 6,500-க்கும் மேற்பட்ட மனைகள். வேலையைத் தொடங்குமுன் தோஷியின் குழு இந்தூரின் சேரிகளுக்குப் போய், மக்கள் தெருவை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், வீட்டு முன்திண்ணையில் என்னென்ன நடக்கிறது, மரத்தடியில் யார் கடை போடுகிறார்கள் என்று குறிப்பெடுத்தது. பிறகு மிக ஏழைகளுக்கு முழு வீடு கட்டித்தரும் வேலையையே கைவிட்டது. தளம் போட்டு, கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் கொடுத்து, ஒரு அறை அளவுக்குத் தொடங்கிவைத்து, மீதியை அவரவர் சம்பாத்தியத்துக்கு ஏற்பக் கட்டிக்கொள்ள விட்டது. கீழே கடை, மேலே வீடு, பின்னால் ஓர் அறை வாடகைக்கு என்று ஒவ்வொரு குடும்பமும் தன் வழியில் வளர்ந்தது.

இந்தூருக்குக்கூடப் போக வேண்டாம். உலக வங்கிக் கடனுதவியோடு 1977-ல் தொடங்கிய சென்னை நகர மேம்பாட்டுத் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் இதே முறையைத்தான் நாம் பின்பற்றினோம். சாலை, வடிகால், தண்ணீர் எல்லாவற்றையும் முதலில் போட்டு, வெவ்வேறு அளவில் மனைகளைப் பிரித்து, ஏழைகளும் நடுத்தர வர்க்கத்தாரும் ஒரே பகுதியில் இருக்கும்படி ஒதுக்கினார்கள். பெரிய மனையின் விலை சிறிய மனையின் சுமையைக் கொஞ்சம் தாங்கியது. அப்போது அவை காலி மனைகளாகக் கிடந்ததைப் பார்த்து, திட்டம் தோற்றது என்று உலக வங்கியே முடிவுகட்டி, இந்த முறையை மெல்லக் கைகழுவியது. இருபது வருடங்களுக்கும் மேலான பிறகு ஆய்வாளர்கள் திரும்பிப்போய்ப் பார்த்து எழுதிய ஆய்வு 2018-ல் வந்தது. அந்த மனைகள் நெருக்கமான, கடைகண்ணியும் பள்ளியும் உள்ள, பல வருமானத்தாரும் கலந்து வாழும் பகுதிகளாகிவிட்டன என்று அது பதிவுசெய்தது. இன்று அரும்பாக்கத்தில் ஒரு தெருவில் நடப்பவருக்கு இது ஒருகாலத்தில் அரசுத் திட்டம் என்றே தெரியாது. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். 2020-ல் அங்குள்ள சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டு, பத்திரிகைகளில் படங்கள் வந்தன. ஓவியங்கள் அழகானவைதான், முகவரி மாறவில்லை.

எதிர்வாதங்கள் பல உண்டு, சில வலுவானவை. மக்களிடம் கேட்டால் பங்களா கேட்பார்கள் என்பது அடிக்கடி காதில் விழுவது. சிலி நாட்டின் இகீகே நகரில் 2004 வாக்கில் நடந்ததை இதற்குப் பதிலாக வைக்கலாம். நகரின் நடுவே அரை ஹெக்டேர் நிலத்தில் முப்பது வருடங்களாகக் குடிசை போட்டிருந்த சுமார் நூறு குடும்பங்களுக்கு வீடு கட்டும் பொறுப்பு அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழுவுக்கு வந்தது. ஒரு குடும்பத்துக்கு அரசு தருவது 7,500 டாலர். நிலம், சாலை, வடிகால் எல்லாம் அதற்குள். மாடிமேல் மாடியாகக் கட்டுவோம் என்றதும் உண்ணாவிரதம் இருப்போம் என்றார்கள் மக்கள், ஏனென்றால் அதில் வீட்டைப் பெரிதாக்க வழியில்லை. கணக்கை அவர்கள் முன்னால் விரித்துவைத்து, இருக்கிற பணத்தில் பாதி வீடுதான் வரும், எந்தப் பாதி வேண்டும் என்று கேட்டபோது, தங்களால் சரியாகக் கட்ட முடியாத பகுதிகளை, அதாவது சமையலறை, குளியலறை, படிக்கட்டு, தாங்கு சுவர்களை அரசுப் பணத்தில் கட்டச் சொல்லி, மற்றதைத் தாங்களே சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். இந்தவகைத் திட்டங்களைப் பற்றி அரவேனா சொல்லும் இன்னொரு செய்தி சுவையானது. வெந்நீர் ஹீட்டரா, குளியல் தொட்டியா, இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றபோது குடும்பங்கள் தொட்டியைத் தேர்ந்தெடுத்தன. ஹீட்டர் வைத்தாலும் எரிவாயுவுக்குக் காசு கட்ட இப்போதைக்கு முடியாது என்பது பொறியாளர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சில்லறைக் காசில் குடும்பம் நடத்துபவரைவிடச் சிக்கனமான எஸ்டிமேட்டை எந்தத் துறையும் போட்டுவிட முடியாது.

கேட்டுக் கட்டியும் தோற்ற கதை ஒன்று உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. எகிப்தின் லக்சர் அருகே 1940-களில் ஹசன் ஃபத்தி கட்டிய புதிய குர்னா கிராமம் மண்கட்டடக் கலையின் உச்சங்களில் ஒன்று. ஒவ்வொரு குடும்பத்தின் தேவையையும் அவர் தனித்தனியாக யோசித்தார். ஆனாலும் குர்னா மக்களில் பெரும்பாலோர் அங்கே குடிபோக மறுத்துவிட்டார்கள். பழைய ஊர் பண்டைய கல்லறைகளின் மேல் இருந்தது. அந்தக் கல்லறைகளையும் அவற்றைப் பார்க்க வரும் பயணிகளையும் சுற்றித்தான் அவர்கள் பிழைப்பு இருந்தது. கூரை எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்த அரசு, ஊர் நகரலாமா என்று கேட்கவே இல்லை. வீடு எங்கே என்ற கேள்வியை முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டு, ஜன்னலுக்கு என்ன நிறம் என்று கருத்துக்கேட்பு நடத்தினால் பயனில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பெரும்பாக்கத்தில் ஒதுக்கிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அல்லது கைமாற்றிவிட்டு, மறுபடியும் நகருக்குள் வந்து குடியேறுகிறவர்களை நன்றி கெட்டவர்கள் என்று திட்டுவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் அந்தத் திட்டத்தைப் பற்றி வாயால் சொல்ல முடியாத தீர்ப்பைக் காலால் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் அடுத்த திட்டமாவது உருப்படும்.

நகருக்குள் நிலம் எங்கே என்று கேட்கிறார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றின் படுகையிலேயே மக்களை விட்டுவைக்க முடியாது என்பதும் நியாயம்தான். ஆற்றங்கரையை விட்டு நகர்த்துவது தவிர்க்க முடியாதது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நகர்த்தும் தூரம் இரண்டு கிலோமீட்டரா இருபத்தைந்தா என்பது இயற்கை விதித்ததில்லை. அது நிலத்தின் விலையை யார் தலையில் கட்டுவது என்ற அரசின் தீர்மானம். மெட்ரோ பணிமனைக்கும் ஐ.டி. பூங்காவுக்கும் நிலம் தேடும்போது காட்டும் சுறுசுறுப்பை இதில் காட்டியதாகத் தெரியவில்லை.

தாமதமாகும் என்பது அடுத்த வாதம். பேரிடர் நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? 2001 ஜனவரியில் கச்சு நிலநடுக்கத்துக்குப் பிறகு குஜராத்தில் பெரும்பாலான குடும்பங்கள் அரசின் பணத்தைத் தவணை தவணையாகப் பெற்று, பொறியாளர்களின் மேற்பார்வையில், நிலநடுக்கம் தாங்கும் வீடுகளைத் தாங்களே கட்டிக்கொண்டன. லட்சக்கணக்கான வீடுகள் சில வருடங்களில் எழுந்தன. தமிழ்நாட்டில் சுனாமிக்குப் பிறகு கடற்கரையோரம் தொண்டு நிறுவனங்கள் ஒப்பந்ததாரர்களை வைத்து வரிசை வரிசையாகக் கான்கிரீட் வீடுகளைக் கட்டிக்கொடுத்தன. நாகப்பட்டினம் மாவட்டத்தின் சில ஊர்களில் அந்த வரிசைக்கு இடம் பண்ண மரங்கள் வெட்டப்பட்டன. மீனவப் பெண்கள் கருவாடு காயவைப்பதும், ஆண்கள் வலை பின்னுவதும், வெயில் நேரத்தில் ஊரே உட்கார்ந்திருப்பதும் அந்த நிழலில்தான் என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியாது. நல்ல மனத்தோடு வந்தவர்கள்தான்.

செலவு கூடும் என்பதற்கு மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளே பதில். சக்கரநாற்காலி நுழைய வாசற்கதவு 90 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். உள்ளே திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும். ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளத்துக்குச் சாய்தளம் வேண்டும். வரைபடத்தில் இவற்றைச் சேர்க்க ஆகும் கூடுதல் செலவு மிகச் சொற்பம். கட்டிமுடித்த பிறகு சுவரை இடித்துச் செய்ய வேண்டுமானால் செலவு பலமடங்கு. அதனால்தான் நம் அரசு அலுவலகங்களில் பல சாய்தளங்கள் சான்றிதழுக்காகக் கட்டியவைபோல இருக்கின்றன: மூன்றடி உயரத்துக்குப் பத்தடிச் சாய்வு, அதன் முடிவில் ஒரு படி. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகல் வசதியைக் கட்டாயமாக்கியது. ஆனால் அதன்கீழ் வந்த விதி, வழிகாட்டுதல் அளவில் நின்றுவிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, மீற முடியாத குறைந்தபட்சத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. வழிகாட்டுதல் என்றால் எஸ்டிமேட்டில் முதலில் வெட்டுப்படுவது அதுதான் என்பது நீதிமன்றத்துக்கும் புரிந்திருக்கிறது.

மெரினாவில் மணலைத் தாண்டிக் கடலுக்கு அருகே போக மரத்தாலான நடைபாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டதை நினைத்துப் பார்க்கலாம். மாற்றுத்திறனாளிகள் பல வருடங்களாகக் கேட்டது; முன்பு ஆண்டுக்கு ஒருமுறை டிசம்பர் 3-ஐ ஒட்டித் தற்காலிகமாகப் பலகை போட்டு எடுத்துவிடுவார்கள். நிரந்தரப் பாதை திறந்து இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப்போட்டது. சிலருக்குச் சிரிப்பாக இருந்தது. சரிசெய்து மீண்டும் திறந்தார்கள். இன்று அந்தப் பாதையில் சக்கரநாற்காலிகளைவிட, கைக்குழந்தை வண்டிகளும் முழங்கால் வலியுள்ள முதியவர்களும் கர்ப்பிணிகளும் அதிகம். ஒரு தரப்பு போராடிப் பெற்றதை ஊரே பயன்படுத்துகிறது.

கேட்பது என்றால் எப்படிக் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் காலை பதினொரு மணிக்கு மைக் வைத்து நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில், கூலிக்குப் போகிறவர் இருக்கமாட்டார். பகுதிப் பிரமுகரும் அவர் ஆட்களும் இருப்பார்கள். தனி வீட்டுக்காரரின் குரலில் வாடகைதாரரின் குரலும், மாமியாரின் குரலில் மருமகளின் குரலும் அமுங்கிப்போகும். ஆகவே மாலையில், குடியிருப்பிலேயே, பெண்களோடு தனியாகப் பேச வேண்டும். சதுர அடிக் கணக்கு பலருக்குப் பிடிபடாது. ஒரு மைதானத்தில் சுண்ணாம்பால் வீட்டை முழு அளவில் கோடு போட்டு, கட்டிலையும் பீரோவையும் கொண்டுவந்து வைத்துப் பார்க்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தவறுகள் வெளியே வந்துவிடும். இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு மூட்டை சுண்ணாம்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். குடியேறி ஒரு வருடம் ஆன பிறகு என்ன உடைந்தது, எதைப் பயன்படுத்தவே இல்லை, எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்று ஓர் ஆய்வு நடத்தி, அதை வெளியிட்டு, அடுத்த மாதிரி வரைபடத்தை அதன்படி திருத்துவதை டெண்டரிலேயே ஒரு வேலையாகச் சேர்க்க வேண்டும். அந்த அறிக்கை இல்லாமல் அடுத்த திட்டத்துக்கு நிர்வாக ஒப்புதல் இல்லை என்று ஓர் அரசாணை போட்டால், பொறியாளர்களே ஆர்வத்தோடு கேட்க ஆரம்பிப்பார்கள்.

தொடங்குவதற்கு நல்ல இடமும் கைவசம் இருக்கிறது. 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றப்பட்ட அந்த வாரியம், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிச் சிதிலமான குடியிருப்புகளை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டிவருகிறது. இங்கே இடம் பற்றிய தகராறு இல்லை. மக்கள் எங்கும் போகப்போவதில்லை. யார் எந்த வீட்டில் இருந்தார், குடும்பத்தில் எத்தனை பேர், யாருக்கு நடக்க முடியாது என்ற பட்டியல் அலுவலகத்தில் இருக்கிறது. கட்டிமுடியும்வரை வெளியே வாடகைக்கு இருக்க ஒரு குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத்தொகையும் தரப்படுகிறது. அந்தத் தொகையை வாங்க ஒவ்வொரு குடும்பமும் எப்படியும் ஒருநாள் வாரிய அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும். வரைபடத்தை அன்றைக்கே மேசைமேல் விரித்துவைக்கலாம்.